பூவாடைக்கு ஒரு முகம்

எழுதினால் படம் போட்டுத் தரும் ஏ.ஐ. மெஷினிடம் வேண்டாததைச் சொல்லவே கூடாது. கூட்டம் இல்லாத கிரிவலப் பாதை என்று எழுதிப் பாருங்கள், கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டும். மழை வேண்டாம் என்று எழுதினால் ரோடெல்லாம் நனைந்திருக்கும். எதைப் பேர் சொல்லிவிட்டோமோ அது வந்து நின்றுவிடும். வெறிச்சோடிய ரோடு, காலை வெயில், காய்ந்த தார் என்று வேண்டியதை மட்டும் எழுத வேண்டும். இப்படி எழுதிக் கொடுக்கும் வாசகத்துக்கு ப்ராம்ப்ட் என்று பெயர். அதை ஒழுங்காக எழுதப் பழக எனக்கு ஒரு கோடை முழுக்கப் போனது. அந்தக் கோடையில் நான் கம்ப்யூட்டரைத் திட்டிய திட்டுக்கு அது மனுஷனாக இருந்திருந்தால் வேலையை விட்டே ஓடியிருக்கும்.

திருவண்ணாமலை டவுனில் எங்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. அச்சடிக்கும் மெஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு, டிசைன் என் பொறுப்பு. முக்காடு போட்ட ஒரு பொம்பளை உட்கார்ந்து அம்மன் மூக்குத்தியை நகர்த்தி நகர்த்தி வைப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது எப்போதோ பழகிவிட்டது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரில் ஒரு மனிதன் வாழ்க்கையில் நடக்கும் எல்லாமே என் கையைத் தாண்டித்தான் ரோட்டுக்கு வருகிறது. கறுப்பாக இருக்கிற மாப்பிள்ளைகள் சிவப்பாக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே சிவப்பாக இருக்கிறவர்கள் பின்னால் குதிரை கேட்பார்கள். நானும் வாய்க்குள் முனகிக்கொண்டே செய்து கொடுப்பேன்.

ஆனால் ஒரு வேலை மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. பின்னால் கூட்டம் நிற்கிற படம் என்றால், அதில் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படம் போடும் மெஷின் சிலருக்குக் கண்ணைக் கோணலாக வைத்துவிடும், சிலருக்குப் பல்லை அதிகமாகப் போட்டுவிடும். அந்த ஜனங்கள் எங்கேயும் பிறந்தவர்கள் கிடையாது. எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் திரும்பி நேராக என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை அழித்துவிட்டுத்தான் எனக்குத் தண்ணீரே இறங்கும். எங்கள் வீட்டுச் சுவரில் முகம் எதையும் மாட்டுவதில்லை. முகம் மாட்டிய அறையில் தொழக் கூடாது என்பார் மாமியார். பகலெல்லாம் கடையில் முகங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வெறும் சுவர் இருக்கிற வீட்டுக்குள் நுழைவது எனக்கு நிம்மதியாகவே இருக்கும்.

ஒரு மத்தியான நேரத்தில் கடைக்கு ஒரு அக்கா வந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக வீடு, வீட்டு முன்னாலேயே சின்னக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர் பாட்டிலும் கற்பூரமும் நன்றாக ஓடும் என்றார். மகளுக்குக் கல்யாணம். பேனரில் மேலே மேகத்துக்கு நடுவில் காலமான பெரியவர்கள் படம் வைப்போமே, அந்த வரிசைக்கு அப்பா அம்மா படங்களை மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு ஆள் இருக்குது பாப்பா. என் தங்கச்சி. அவளுக்குப் படம் கெடையாது."

"ஒண்ணு கூடவாக்கா?"

"பள்ளிக்கூடத்துல புடிச்சது ஒண்ணு இருந்துச்சு. அவ போனப்ப எங்கம்மா அதையும் அவ கூடவே வெச்சு அனுப்பிட்டாங்க. கல்யாணம் ஆவாம போனவ படத்த வூட்ல மாட்டக் கூடாதுன்னாங்க. பதினாறு வயசு." 

அவர் மகள் சென்னையில் வேலை பார்க்கிறவள். சொன்னால் போதும், கம்ப்யூட்டரே படம் போட்டுவிடும், போய்ச் சின்னம்மா எப்படி இருப்பாங்கன்னு சொல்லிட்டு வா என்று அனுப்பியிருக்கிறாள். மகளுக்கு வேண்டியது பேனர். அக்காவுக்கு வேண்டியது வேறு என்பது அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப அவ முகம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். எனக்கும் கம்மியாயிட்டே வருது. முன்னெல்லாம் நெனச்சா ஒடனே வருவா. இப்ப வரதுக்கு நேரம் ஆவுது. மொத்தமா போறதுக்குள்ள புடிச்சு வெச்சிடலாம்னு பார்க்கறேன்."

எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை கும்பிடுவார்கள். அந்த வீட்டில் பிறந்து கன்னியாகச் செத்தவளோ, பூவோடும் பொட்டோடும் செத்தவளோதான் பூவாடைக்காரி. கிணற்றிலோ ஏரியிலோ சொம்பில் தண்ணீர் மொண்டு, பூ சுற்றி, பம்பை அடித்து அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். அவள் மனம் குளிர்ந்தால்தான் கல்யாணம் நல்லபடியாக நடக்கும். அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. வீட்டோடு மாப்பிள்ளை எடுத்ததால் பிறந்த வீடே வாழும் வீடாகிவிட்டது. அதனால் அந்த வீட்டுப் பூவாடை அவருடைய தங்கச்சிதான். பேனர் அடித்து அடித்து இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூவாடைக்கு முகம் கிடையாது என்பதும் தெரியும். பூ சுற்றிய சொம்பு, சேலை, விளக்கு, அவ்வளவுதான் அவள். முகம் வைத்துப் பூவாடை கும்பிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பண்ணிடலாம்கா என்றேன்.

"எப்படி இருப்பாங்க, சொல்லுங்க."

"அழகா இருப்பா. நல்லா லட்சணமா."

அதை அப்படியே எழுதினேன். மெஷின் நான்கு படம் கொடுத்தது. நான்கும் சினிமாக்காரப் பெண்கள். அக்கா மானிட்டருக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இது யாரு, சோப்பு விக்கிற பொண்ணா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகு என்றால் அதற்கு ஒன்றும் புரியாது, அவங்களைப் பார்க்காத ஒருத்தருக்கு அடையாளம் சொல்கிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். நெற்றி எவ்வளவு, கண் எப்படி, தாடை எப்படி? அக்கா திணறினார். கூடப் பிறந்தவள் தாடையை யார் அளந்து பார்த்திருக்கிறார்கள்? படத்தின் பின்னால் மெஷின் தானாகவே போட்டிருந்த மலையைப் பார்த்ததும் மட்டும் சட்டென்று பேச்சு வந்தது. "இது செங்கம் ரோட்டுல இருந்து தெரியற மலை. எங்க பக்கம் இப்படி இருக்காது, எடது பக்கம் சரிஞ்சு வரும்" என்று காற்றில் கோடு போட்டுக் காட்டினார். மலை அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தங்கச்சி முகத்துக்குத்தான் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அப்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். "நெத்தி, உன்னுத விட கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றார்.

எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. எதுவுமே இல்லாமல் சொல்வதுதானே கஷ்டம்? பக்கத்தில் ஒரு முகம் இருந்தால் அதைவிட ஜாஸ்தியா கம்மியா என்று யாராலும் சொல்லிவிட முடியும். "அதான்கா! என்னப் பார்த்துச் சொல்லுங்க. ஜாஸ்தியா கம்மியான்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றேன். அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நகர்ந்தது. மூக்கு இதே மாதிரிதான், நுனி மட்டும் கொஞ்சம் மேலே தூக்கினாப்பல. கண் உன்னுதைவிட ஒரு பொட்டு பெரிசு. என் முகத்துக்கு எதிரே விரலை நீட்டித் தொடாமல் ஓட்டிக்கொண்டே போவார். முக்காட்டுக்கு வெளியே தெரிகிற என் முகத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு உன்னிப்பாக யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போக உள்ளுக்குள் லேசாகப் பயமும் வந்தது. என்ன பயம் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

தலைமுடிக்கு என்னைப் பார்த்துச் சொல்ல முடியாது, முக்காடு இருக்கிறதே. "எண்ணெய் வெச்சுப் படிய வாரியிருப்பா" என்றார். எழுதினேன். வந்த படங்களில் ஒன்றில் அந்தப் பெண்ணின் தலை நனைந்திருந்தது. எண்ணெய் மினுமினுப்பை மெஷின் ஈரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். முடி கழுத்தில் ஒட்டிக்கொண்டு, நுனியில் சொட்டு நிற்கிற மாதிரி இருந்தது. சனியன் என்று முனகிக்கொண்டு அதை அழிக்கப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"கெணறுன்னு எழுதினியா?"

"இல்லியேக்கா. எந்தக் கெணறு?"

"நான் சொல்லவே இல்லியே" என்றார், தனக்குத்தானே. "நான் உங்கிட்ட சொல்லவே இல்ல." 

பிறகு சொன்னார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில்தான் தங்கச்சி போனது. வழுக்கி விழுந்தாளா, தானாக விழுந்தாளா என்பது இன்றுவரை தெரியாது, வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. மேலே தூக்கி வந்து படுக்க வைத்தபோது முடி முழுக்க முகத்தின் மேல் ஒட்டியிருந்தது. ஒதுக்கிப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. கடைசியாகப் பார்த்தது முடியைத்தான்.

எண்ணெய் ஈரமாகத் தெரிவது மெஷினின் வழக்கமான கோளாறு என்று எனக்குத் தெரியும், அவருக்கு அதை விளக்கவும் செய்தேன். விளக்கும்போதே என் குரலை என்னாலேயே நம்ப முடியவில்லை. "அழிச்சிடறேன்கா" என்றேன்.

"வேணாம். ஈரம் இருக்கட்டும்" என்றார். "அதுதான் அவ." 

அதன் பிறகு பல நாள் வந்தார். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு தடவையும் மெஷின் நான்கு முகம் கொடுக்கும். அவர் என்னைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். அதை வைத்து நான் அடுத்த ப்ராம்ப்ட் எழுதுவேன். மாநிறம், சிரிக்காத வாய், இடது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, வட்டப் பொட்டு, பச்சைத் தாவணி, ஈரத் தலை. சிரிப்பு வேண்டாம் என்று எழுதாமல், மூடிய உதடு என்று எழுதினேன். ஒவ்வொரு நாளும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ஒரு நாள் அச்சு மெஷினுக்கு மை ஊற்ற வந்த வீட்டுக்காரர் மானிட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கியோ பார்த்த முகமா இருக்குது" என்றார். இந்த ஊர்ல எல்லா முகமும் எங்கியோ பார்த்ததுதான், போய் வேலையப் பாருங்க என்று விரட்டினேன். எனக்கு அது யார் முகமாகவும் தெரியவில்லை. பொட்டும் மூக்குத்தியும் வைத்து என்னை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

முடிந்த அன்று அக்கா அழவில்லை. சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். "வந்துட்டா" என்றார். பிறகு மானிட்டரைப் பார்த்து, "ஏண்டி இவ்ளோ நாளு?" என்றார். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறு எந்த நாளும் பட்டதில்லை. பெரிதாக அச்சடித்து ஃப்ரேம் போட்டுக் கொடுத்தோம். பேனர் வேலைக்காகப் போனில் பேசும்போதெல்லாம் அக்கா அந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்வார். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பாராம், கடையைச் சாத்திவிட்டு வந்து அதனிடம் பேசுவாராம். பூவாடைக்கு நீ கண்டிப்பா வரணும், நீதானே அவளைக் கொண்டாந்தே என்று கூப்பிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க மனமில்லாமல் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே போனேன். அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது தொப்பலாக நனைந்துவிட்டேன். கிணற்றிலிருந்து சொம்பை அழைத்து வந்து உள்ளே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பம்பைச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பம்பைக்காரர் பூவாடையை வா வா என்று கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். முக்காட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. உள்ளே ஈரம் சொட்டக் கூடாதே என்று அதை எடுத்துப் பிழிந்தேன். முடி அவிழ்ந்து கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டது. அப்படியே நிலைப்படியில் கால் வைத்தேன்.

முதலில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு பம்பை நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண் "தாயே" என்று குப்புற விழுந்தாள். எனக்குப் பின்னால் யாருக்கோ சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் எதிரே இருந்த ஃப்ரேமைப் பார்த்தேன். மல்லிகை மாலை போட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்து, சொம்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடையில் நாள் கணக்காகப் பார்த்த படம்தான். ஆனால் கடையில் பார்த்தபோது நான் மூக்கைத் தனியாக, உதட்டைத் தனியாக, கண்ணைத் தனியாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது விளக்கு வெளிச்சத்தில் மாலைக்கு நடுவே இருந்தது என் முகம். பதினாறு வயதில் நான் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு கிணற்றிலிருந்து ஏறி வந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பேன். உயிரோடு நிற்கிற என் முகத்துக்கு மாலை போட்டு, செத்தவளே வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேனர் கடைக்காரி என்று கத்த நினைத்தேன்.

கல்யாணப் பெண்தான் முதலில் தெளிந்தாள். "அம்மா, இது நம்ம பேனர் அக்காம்மா. படத்துக்கு இவங்க முகத்தையே வெச்சுட்டாங்க போல" என்று சங்கடத்தோடு சிரித்தாள். கீழே விழுந்திருந்தவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அக்கம்பக்கம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

அக்கா எழுந்து என்னிடம் வந்தார். அவருக்கு அருள் எதுவும் வரவில்லை, கண் தெளிவாக இருந்தது. இரண்டு உள்ளங்கையையும் என் முகத்தின் இரண்டு பக்கமும் வைத்து, ஈர முடியை மறைத்து, முக்காடு மாதிரி பிடித்துப் பார்த்தார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"உன்னப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்" என்றார். "உன்னையே சொல்லிட்டேன்." 

"மாத்திடலாம்கா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கே வாங்க. நான் வேற பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன். மொதல்ல இருந்து சொல்லுங்க, எழுதறேன்."

"எத வெச்சுச் சொல்றது? இத்தினி நாளா காலையும் சாயங்காலமும் இந்தப் படத்தத்தான் பார்த்துட்டு இருக்கேன். கண்ண மூடினா நீதான் வர்ற பாப்பா." கையை என் முகத்திலிருந்து எடுத்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காணாமல் போன பிள்ளையைத் தேடி வந்தவர் குரலில்தான் கேட்டார்: "அவ எங்க?"

அந்த முகம் இருந்த ஒரே இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பம்பைக்காரர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். அழைத்து வந்த பூவாடையை அரைகுறையாக நிறுத்தக் கூடாது, கல்யாணக் காரியம் என்றார். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், புதுச் சேலையைச் சொம்புக்கு முன்னால் வைத்து, தட்டில் சூடம் ஏற்றினார். பம்பை மறுபடி ஆரம்பித்தது. சூடம் சுற்றும்போது வீடே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது. அக்கா மட்டும், படத்தின் பக்கம் திரும்பாமல் பூ சுற்றிய சொம்பையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே கும்பிட்டார்.